மூப்பரின் மோட்டார் கொட்டகையில் செவலை

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை நம் வேதக்கோயில் சுவரில் ஒரு கல் பதித்தார்கள். கறுப்புக் கல், பொன் எழுத்து. அந்தக் காலத்துச் சபை மூப்பரின் பெயரை மேலே பெரிதாக வெட்டி, கீழே ‘மந்தையைக் காத்த உத்தமர்’ என்று போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பேரன் செய்த ஏற்பாடாம். படித்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கிழவிக்குப் பித்தம் என்று நினைத்து யாரோ ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்கள். சோடாவில் போகிற குமட்டலா இது? வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாயிற்று. ஆனாலும் இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

நாம் இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். நீ மூத்த மருமகள், நான் இளையவள். ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்வார்கள் என்று ஊர் எதிர்பார்த்தது. நாமும் ஊரை ஏமாற்றவில்லை. புளிக்கும் விறகுக்கும் முறைத்துக்கொண்டுதான் இருந்தோம். உன் கணவர் இறந்த பிறகு, வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில் இருந்த கொல்லைமேட்டு வீட்டில் நீ தனியாகத் தங்கிவிட்டாய். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. உனக்குக் காவல் செவலைதான். இடது காது கிழிந்த நாட்டு நாய். ராத்திரியில் அது வாசலில் படுத்திருந்தால்தான் உனக்குக் கண் மூடும்.

ஞாயிற்றுக்கிழமை உன் பின்னாலேயே கோயிலுக்கு வரும். புங்கமரத்தடியில் படுத்துக்கொள்ளும். மணி அடித்தால் போதும், தலையைத் தூக்கி ஊளையிடும். ஆராதனை நடத்துகிற உபதேசியாருக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. “அதுக்குத் தெரிஞ்ச பாட்டை அது பாடுது, வுடுங்க ஐயா” என்பாய். மணி நின்றதும், நீ வாசலிலிருந்து ஒரு அதட்டல் போடுவாய். அதுவும் அடங்கிவிடும்.

ஊரில் முதல் பம்புசெட்டு மூப்பருடையது. கோயிலுக்குப் பின்னால் ஒரு வயல் தள்ளி அவருடைய கிணறும் மோட்டார் கொட்டகையும். ஏரி வற்றினால் எல்லோர் வயலுக்கும் அவர் மோட்டார்தான் தண்ணீர். அதனால் அவர் எது சொன்னாலும் ஊர் தலையாட்டும். அந்த வருடம் பென்னலூர் பக்கம் மோட்டாரிலிருந்த செம்புக் கம்பியைத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். மூப்பருக்குப் பயம் பிடித்துவிட்டது. உன்னிடம் வந்து செவலையைக் கேட்டார். “நான் ஒண்டியா கீறேன் ஐயா, அத்தக் குடுத்துட்டு நான் இன்னா பண்றது?” என்றாய். சிரித்துக்கொண்டேதான் போனார். அடுத்த வாரம் செவலையைக் காணோம்.

நீ தேடிய தேடலை நான் கூடவே இருந்து பார்த்தேன். முறைப்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு உன்னோடு கிளம்பினேன். வரப்பு வரப்பாகப் போனோம். பென்னலூர் டீக்கடையில் விசாரித்தோம். ஸ்ரீபெரும்புதூர் சந்தையில், ஆட்டு வியாபாரிகளிடம்கூடக் கேட்டாய். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நம் ஊர்க்காரர்கள்தான் அதிகமாக உச்சுக்கொட்டினார்கள். அதை நினைத்தால்தான் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று, “செவலை கிடைக்கணும்னு எல்லாரும் ஜெபம் பண்ணுங்க” என்று கேட்டாய். பின்வரிசையில் சிரிப்பு. மூப்பர் மட்டும் சிரிக்கவில்லை. “நாய்க்கு ஜெபம் பண்றது முறையில்லம்மா” என்று கனிவாகச் சொன்னார். கூட்டம் முடிந்ததும் உன்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் அத்தனை வருத்தம்.

“செம்பரம்பாக்கம் ஏரிக்கரையாண்ட ஒரு செவலை நாய் செத்துக் கெடக்குதாம். போய் ஒரு தபா பாத்துடும்மா, மனசு ஆறும்.”

“அவ்ளோ தொலைவு அது எப்டி ஐயா போவும்?”

“லாரிக்காரனுங்க எவனாவது ஏத்திகினு போயிருப்பான்.”

மறுநாள் பஸ் ஏறிப் போனோம். கரையில் வெயில் கொளுத்தியது. நாற்றம்தான் வழிகாட்டியது. சரிவில் ஒரு நாய் உப்பிப்போய்க் கிடந்தது. கண் இருந்த இடத்தில் புழு. நான் புடவைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு திரும்பி நின்றேன். நீ பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தாய். ஒரு குச்சியை எடுத்து ஈயை ஓட்டி, அதன் இடது காதைத் தூக்கிப் பார்த்தாய். முழுக் காது. “இது நம்முது இல்ல” என்றாய். பிறகு அங்கேயே வாந்தி எடுத்தாய். நானும் எடுத்தேன். ஏரித் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தோம். வழியெல்லாம் நீ சந்தோஷமாக இருந்தாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒரு விசித்திரம் நடந்தது. ஓய்வுநாளில் மோட்டார் போடமாட்டேன் என்று பீற்றிக்கொள்கிற மூப்பரின் மோட்டார், காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நாம் பாயில் உட்கார்ந்தோம். கடைசி மணி அடிக்கப் போகிற நேரத்தில் கரண்ட் போனது. மோட்டார் நின்றது. மணி அடித்தது. வயலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊளை கிளம்பியது.

சபை முழுவதும் அதைக் கேட்டது. அத்தனை தலையும் ஒரு நொடி நிமிர்ந்து குனிந்தது. யாருக்கும் ஆச்சரியம் இல்லை, அக்கா! அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் பாய்ச்சப் போனவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நம்மோடு உச்சுக்கொட்டினவர்கள், ஏரிக்கரைக்குப் போங்கள் என்று வழியனுப்பினவர்கள், எல்லோருக்கும். உபதேசியார் அவசரமாகப் பாட்டை ஆரம்பித்தார். மணி நின்றும் ஊளை நிற்கவில்லை. அதட்ட நீ பக்கத்தில் இல்லையே. அது கத்தக் கத்தச் சபை இன்னும் சத்தமாகப் பாடியது. கழுத்து நரம்பு புடைக்க, கைதட்டி, அந்த வாயில்லா ஜீவனின் குரலைப் பாட்டால் அமுக்கிவிடப் பார்த்தார்கள்.

நீ எழுந்து ஆண்கள் பக்கம் போனாய். மூப்பருக்கு முன்னால் நின்று கையை நீட்டினாய்.

“சாவி குடுங்க ஐயா.”

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தார். நீ வெளியே நடந்தாய். நான் எழுந்தபோது என் வீட்டுக்காரர் ‘உட்கார்’ என்று கண்ணால் அதட்டினார். அவர் வயலுக்கும் அந்தத் தண்ணீர்தானே. நான் அந்தப் பக்கமே திரும்பாமல் உன் பின்னால் வந்தேன்.

வாய்க்கால் ஓரம் கிடந்த மண்வெட்டியால் இருவரும் மாற்றி மாற்றித் தகரக் கதவின் பூட்டை அடித்தோம். கதவு திறந்ததும் கிரீஸும் நரகலும் கலந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. செவலையை மோட்டார் காலில் கம்பியால் முழ நீளத்துக்குக் கட்டியிருந்தார்கள். அது தன் அசிங்கத்திலேயே படுத்திருந்தது. கழுத்துப் புண்ணில் ஈ மொய்த்தது. உன்னைப் பார்த்ததும் மூத்திரம் பெய்துகொண்டே வாலை ஆட்டியது. நீ கம்பியைப் பிரித்து, கோயிலுக்கென்று கட்டியிருந்த வெள்ளைப் புடவையோடு அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கோயில் வாசல் வழியாகத்தான் வீட்டுக்கு நடந்தாய். உள்ளே இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்து அந்தப் புண்ணுக்கு நாம்தான் போட்டோம். பிழைத்துக்கொண்டது.

வழி தவறி வந்த நாயைப் பத்திரமாக வைத்திருந்ததாகவும் சொல்லத்தான் இருந்ததாகவும் மூப்பர் சொன்னார். மறுவாரம் உபதேசியார், ‘காணாமற்போன பிராணியைப் பாதுகாத்த எங்கள் மூப்பருக்காக’ என்று நன்றி ஜெபமே பண்ணினார். நாய்க்குப் பண்ணக்கூடாத ஜெபத்தை நாய்த் திருடனுக்குப் பண்ணலாம் போலிருக்கிறது. தூ! அத்தோடு விட்டார்களா? சபைப் பெண்கள் உன் வீட்டுக்கே வந்தார்கள்.

“மூப்பராண்ட ஒரு வார்த்த நன்றி சொல்லிட்டு வந்துடுக்கா. எல்லாருக்கும் நல்லது.”

“எதுக்கு நன்றி? கம்பியில கட்டிப் போட்டதுக்கா, ஊரான் வூட்டுப் பொணத்த என்னியப் பாக்க வெச்சதுக்கா? எதுக்குன்னு சொல்லு, சொல்லிட்டு வரேன்.”

வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அந்தப் போகம் எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை வரவேயில்லை. என் வீட்டுக்காரர் உன் பெயரைச் சொல்லி என்னைத் திட்டாத நாள் இல்லை. நீ ஒரு மூட்டை நெல்லைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போனாய். செவலை உன் பின்னால் போயிற்று.

கொல்லைமேட்டில் இப்போது கார் கம்பெனி. கோயிலில் மைக் செட்டும் கீபோர்டும் வந்துவிட்டன. கூரை அதிரப் பாடுகிறார்கள், நல்ல பிள்ளைகள்தான், அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பாட்டுச் சத்தம் ஏற ஏற என் வாய் மூடிக்கொள்கிறது, அக்கா. “பாடுங்க அத்தே” என்று மருமகள் இடிக்கிறாள். வெளியே ஏதாவது கத்துகிறதா என்று ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தபடி நான் நிற்கிறேன்.