பொன்னாடைக்கு வாங்கிய வாய்தா

அக்கா,

இன்று காலை அலுவலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்ததும் புது அச்சு மையின் வாசனை குப்பென்று அடித்தது. எங்கள் அரசு வழக்கறிஞர் அலுவலகமும் வட சென்னை மக்களும் சேர்ந்து நடத்தும் பொதுப் பாதுகாப்புக் குழுவின் ஆண்டு மலர். வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். பன்னிரண்டாம் பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். ஆட்டோ ஓட்டும் காக்கிச் சட்டை, அதன் மேல் சிவப்புப் பொன்னாடை, முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. கீழே 'நீதிக்குத் தோள் கொடுக்கும் எங்கள் பங்குதாரர்' என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் செத்துப்போனதைச் சொல்ல அத்தனை பக்கத்தில் ஒரு வரி இடம் இல்லை.

மலரை மேசை மேல் ஓங்கிப் போட்டேன். பக்கத்து மேசைக்காரரின் டீ சிந்திவிட்டது. "என்னாச்சு மேடம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். உங்களிடம்தான் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

அந்தக் குழுவின் முதல் கூட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ராயபுரத்தில் மாதா கோயில் ஒன்றின் கூடத்தில் நடந்தது. ஆட்டோ ஸ்டாண்டு, மீனவர் சங்கம், கடைக்காரர்கள், தொழிற்சாலை ஆட்கள் என்று ஐம்பது பேர் வந்திருந்தார்கள். எங்கள் மேலதிகாரி திரையில் படம் ஓட்டி, மக்கள் பயமில்லாமல் சாட்சி சொல்ல முன்வர வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் சார்பில் வந்திருந்த நீங்கள் கையைக்கூடத் தூக்கவில்லை, எழுந்து நின்றுவிட்டீர்கள்.

"வரத்தான் சார் வராங்க. உங்க கோர்ட்டு எதுர்ல ஒரு டீக்கடை கீது பாருங்க, அத்த தாண்டி உள்ள வர்றதுக்குள்ளதான் எல்லாம் மறந்து பூடுது."

கூடம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அது அப்பட்டமான உண்மை. எங்கள் வழக்குகள் நீதிமன்றத்துக்குள் தோற்பதில்லை. சாட்சி காலையில் வந்து, எப்போது கூப்பிடுவார்களோ என்று எதிர்க்கடையில் ஒரு டீ வாங்குவார். எதிரி தரப்பு ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று சிரித்தபடி விசாரிப்பான். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது அந்தச் சாட்சி கூண்டில் ஏறி, நான் எதையும் பார்க்கவில்லை என்பார். பிறழ் சாட்சி என்று எழுதிவிட்டு அடுத்த கோப்பை எடுப்போம். பதினொரு வருடமாக அரசு உதவி வழக்கறிஞராக இருந்து நான் எழுதிய பிறழ் சாட்சிகளை வைத்து ஒரு தெருவையே குடியேற்றலாம்.

அதற்கு வழி கண்டுபிடித்தது நீங்கள். சாட்சிகளை அவரவர் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு நேராக நீதிமன்ற வளாகத்துக்குள் வந்து, வேப்ப மரத்தடியில் ஆட்டோவை நிறுத்திவிடுவீர்கள். பிளாஸ்க்கில் டீ, டப்பாவில் பொறை பிஸ்கட். "டீ வோணுமா, இந்தா. பாத்ரூம் போவணுமா, நான் கூட வரேன். வேற எவனாண்டயும் பேச்சு வச்சிக்காத" என்று அதட்டுவீர்கள். உங்கள் ஆட்டோவில் வந்தவர்களில் ஒருவர்கூடப் பிறழவில்லை. அடுத்த ஆண்டறிக்கையில் அது எங்கள் மேலதிகாரியின் திட்டமாக ஆனது. அதற்கு அவர் ஒரு நீளமான இங்கிலீஷ் பெயரும் வைத்தார். உங்களிடம் காட்டினேன். "நல்லாத்தான் கீது, வாயில நொழையல" என்றீர்கள்.

என்னை நீங்கள் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக்கடை போட்டவர், வீட்டில் பேசுவது ஊர்த் தமிழ். "இன்னா வக்கீலம்மா, பொறந்ததுலேர்ந்து இங்கதான் கீற, இன்னும் வாங்க போங்கன்னு இழுத்துகினே கீற. எங்க பாஷ பேசினா கோட்டு கழண்டுக்குமா?" என்பீர்கள். நீதிமன்றத்தில் உங்கள் பேச்சைக் கேட்டு இளம் வக்கீல்கள் வாய்பொத்திச் சிரித்தபோது, நீங்கள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர்கள் கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன்.

பிறகு பிலோமினா வழக்கு வந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரைலர்கள் வரிசையில் நின்ற ஒரு காலை வேளை. ஒருவன் மட்டும் காத்திருக்கப் பொறுக்காமல் வரிசையை விட்டு எதிர்ப்பாதையில் ஏறி வந்தான். தையல் கம்பெனிக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த பிலோமினா ஓரமாகத்தான் போனாள். சாலைக்கு அந்தப் பக்கம் சவாரிக்கு நின்றிருந்த நீங்கள் முழுவதையும் பார்த்தீர்கள். ஓடிப்போய் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டீர்கள். தண்ணீர் கேட்டாள் என்று என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னீர்கள், அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டிரைலர்க்காரன் தரப்பு சொன்னது, அந்தப் பெண்தான் முந்திப்போகப் பார்த்து தானாகச் சக்கரத்தில் விழுந்தாள் என்று. பார்த்தவர்கள் மூன்று பேர். ஒருவர் அந்த நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இன்னொருவருக்குக் கண்ணில் தூசி விழுந்ததாம். இருவரும் உங்கள் ஆட்டோவில் ஏற மறுத்துத் தனியாக வந்தவர்கள், டீக்கடை வழியாக. மிச்சம் இருந்தது நீங்கள்.

பிலோமினாவின் கணவர் அந்தோணி, கல்மண்டபத்துக்காரர், துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. ஒரு வாய்தா விடாமல் வருவார். முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். "நஷ்ட ஈடு கேஸு தனியா நடக்குது மேடம், அத்த வுடுங்க. எம் பொண்டாட்டி குறுக்க பூந்துட்டான்னு எய்தி வச்சிகிறானுங்க. அவ மேல தப்பு இல்லன்னு ஒருத்தராச்சும் அந்தக் கூண்டுல ஏறி சொல்லட்டும். எனக்கு அது போதும்."

போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் சொல்லி அவர்கள் எழுதிக்கொண்டது சாட்சியம் ஆகாது. கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்குக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, நீதித்துறை நடுவர் அதைப் பதிவு செய்தால்தான் செல்லும். அதற்காக எட்டு முறை வந்தீர்கள். ஒருமுறை எதிர்த்தரப்பு வக்கீல் ஊரில் இல்லை. ஒருமுறை வக்கீல்கள் நீதிமன்றப் புறக்கணிப்பு. ஒருமுறை நடுவர் மாற்றம். மற்றவை எனக்கே மறந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் அரை நாள் சவாரியை விட்டுவிட்டு வந்து, "இன்னிக்காவது கூப்புடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு, வேறு வழக்குச் சாட்சிகளுக்கு டீ ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

ஒன்பதாவது முறை எல்லாம் கூடிவந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் இருந்தார், நடுவர் கோப்பைத் திறந்து வைத்திருந்தார், அந்தோணி பின் பெஞ்சில் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டையில் நீங்கள் கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்றீர்கள். அப்போது என் போன் அதிர்ந்தது. மேலதிகாரி. அன்றைக்குக் குழுவின் ஆண்டு விழா என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் உங்களை அதற்குக் கூப்பிடுவார்கள் என்று தெரியாது.

"அந்த ஆட்டோ அம்மா அங்கதானே இருக்காங்க? பெரிய அதிகாரி வரார். அவங்களுக்குப் பொன்னாடை போடணும், பத்திரிகைக்காரங்க காத்திருக்காங்க. உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

சார், இப்போதுதான் விசாரணை ஆரம்பிக்கிறது என்றேன். "வாய்தா கேளுங்க. சாட்சி எங்க ஓடிடப் போறாங்க?" என்றார்.

அக்கா, இந்த இடத்தை எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் என்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முடியாது சார் என்று சொல்லியிருக்கலாம். போனை அணைத்துப் பைக்குள் போட்டிருக்கலாம். மதியத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நடுவரிடமாவது கேட்டிருக்கலாம். விழா முடிந்து சாப்பாடு, குரூப் போட்டோ என்று நீளும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேனே, அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எழுந்து, அரசுத் தரப்பு ஆவணம் ஒன்று வரவில்லை, அவகாசம் வேண்டும் என்று பச்சைப் பொய் சொன்னேன்.

நடுவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சாட்சி நிக்கிறாங்களே மேடம்?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்று வாரம் தள்ளி வைத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

"இன்னாம்மே, நான் இங்க நின்னுகினு கீறேன், நீ வாய்தா வாங்குற?" என்றீர்கள். வக்கீலம்மா என்றே கூப்பிடும் நீங்கள் என்னை 'மே' என்றது அன்றைக்குத்தான். விழா விஷயத்தைச் சொன்னேன். "அதான் பேஜாரா? துணி போத்திக்கவா நான் வந்தேன்?" என்று கேட்டுவிட்டு அந்தோணியைத் திரும்பிப் பார்த்தீர்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "மூணு வாரம்தானேக்கா" என்றேன். எனக்காகத்தான் வந்தீர்கள், வேலையில் எனக்குத் தொல்லை வரக்கூடாது என்று.

மேடையில் உங்கள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "இந்நேரம் நான் கோர்ட்டுல சாட்சி சொல்லிக்கினு இருந்திருக்கணும். இங்க இஸ்துகினு வந்துட்டாங்க" என்றீர்கள். என்ன அடக்கம் என்று நினைத்துக்கொண்டு கூடமே கை தட்டியது. என் மேலதிகாரிதான் பலமாகத் தட்டினார். மலரில் இருக்கும் படம் அந்த நொடியில் எடுத்தது.

விழா முடிந்த பன்னிரண்டாம் நாள், தண்டையார்பேட்டையில் ஆட்டோவுக்கு கேஸ் நிரப்பும் பங்க் வரிசையில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். "அக்கா தூங்குதுன்னு நெனச்சி ஆரன் அடிச்சேன் மேடம்" என்று பின்னால் நின்ற ஆட்டோக்காரர் என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதார். மாரடைப்பாம். நாலு மாதமாக மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மணலி ஆலைப் புகைக் காற்று என்று நீங்கள் சொன்னதை நானும் விட்டுவிட்டேன். உங்கள் சாவு வீட்டுக்கு, குழுவின் பெயர் போட்ட மலர்வளையத்தோடு, விழாவில் படமெடுத்த அதே புகைப்படக்காரரும் வந்தார். மேலதிகாரி வளையத்தைப் பிடித்தபடி கேமராவைப் பார்த்தார். எனக்கு அந்த வளையத்தைப் பிடுங்கி அவர் மூஞ்சியிலேயே எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியும்.

தீர்ப்பு நாலு பக்கம். விபத்தை நேரில் கண்டதாக அரசுத் தரப்புச் சாட்சிகள் எவரும் கூறவில்லை, எனவே சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, விடுதலை. உங்கள் பெயர் 'விசாரிக்கப்படாத சாட்சி' என்ற வரியில் மட்டும் வந்தது. மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று குறிப்பு எழுதினேன். உங்களை ஏன் விசாரிக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினேன், பொன்னாடை உட்பட. மேலதிகாரி கூப்பிட்டு, "இதையெல்லாம் கோப்புல எழுதுவாங்களாம்மா, எடுத்துடுங்க" என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். மேல்முறையீட்டுக்கு உகந்ததல்ல என்ற ஒரே வரியோடு குறிப்பு திரும்பி வந்தது. இப்போதெல்லாம் என் சாட்சி வாசலில் நின்றால், யார் கூப்பிட்டாலும் நான் போனை எடுப்பதில்லை. குழுக் கூட்டத்துக்கும் போவதில்லை. அதனால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதும் தெரிகிறது.

என்னிடம் மிச்சம் இருப்பது நீங்கள் சொல்ல இருந்த சாட்சியம். வேப்ப மரத்தடியில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து, அவர்கள் இதைக் கேட்டால், அதைக் கேட்டால் என்று எட்டு வாய்தாவும் உங்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு பதிலும் ஒருமுறைகூட மாறியதில்லை. அத்தனையும் எனக்கு மனப்பாடம். நான் சொன்னால் எந்த நீதிமன்றத்திலும் செல்லாது.

போன மாதம் அந்தோணி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏழாவது படிக்கிறாள். உன் அம்மாதானே குறுக்கே விட்டு விழுந்தாள் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிவிட்டார்களாம். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. "அந்தக்கா இன்னா பாத்துதுன்னு நீங்களே இந்தப் புள்ளையாண்ட சொல்லுங்க மேடம். நான் சொன்னா நம்ப மாட்டேங்குது" என்றார்.

நீதிமன்ற வராந்தாவில், போகிற வருகிற ஆட்களுக்கு நடுவில் நின்று சொன்னேன். என் வாயில் இதுவரை வராத உங்கள் பேச்சிலேயே சொன்னேன். "அந்தப் பொண்ணு ஓரமாத்தான் போய்கினு இருந்துச்சு. அந்த வண்டிதான் ராங்குல எதுர்க்க வந்துச்சு. பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அவள் கேட்டு முடித்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்த அந்த ஆன்ட்டி ஏன் ஜட்ஜாண்ட சொல்லல?" என்றாள்.

அந்தோணி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"சொல்றதுக்குத்தான் வந்து நின்னாங்கம்மா" என்றேன். "நான்தான் இன்னொரு நாள் சொல்லிக்கலாம்னு கூட்டிட்டுப் போயிட்டேன்."