வி-2வுக்கும் வி-3க்கும் என்ன வித்தியாசம்

நவம்பர் 1, சனி

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. பால்கனிக் கொடி முழுக்க மனைவி அனியின் சுடிதார்கள், ஓரத்தில் என் ஒரே ஒரு ஆபீஸ் சட்டை.

வி-3 இயர்போன் வந்துவிட்டது. கடைக்கு வருமுன்பே கம்பெனிக்காரன் ரியாஸுக்கு அனுப்பிவிட்டான். எங்கள் யூடியூப் சேனலுக்கு இப்படி வருவது முதல் தடவை. இதுவரை எல்லாம் நாங்களே கடையில் வாங்கி, கேட்டுச் சொன்னவை. விலை குறைந்த இயர்போன்கள் மட்டும்தான் பேசுவோம். கேமரா, எடிட்டிங், வாய் எல்லாம் ரியாஸ். நான் காது. காலேஜில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த பழக்கம், இன்னும் விடவில்லை.

வி-2 வந்த புதிதில் வி-1, வி-2 இரண்டையும் ஒப்பிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான், டப்பாதான் வேற" என்று கேமரா முன்னால் சொன்னேன். அந்த வீடியோவை ஒருவரும் சீந்தவில்லை. ரி. கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாயங்காலம் வந்தான். "மச்சி, இந்த வாட்டியும் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடாதடா. கடைல குந்திக்கினு சார்ஜர் வித்தே என் லைஃப் பூடும் போல கீது."

"இருந்தா இருக்குன்னு சொல்றேன்டா."

நாளை ஷூட்டிங். என் வி-2வை இப்போதே வாங்கிக்கொண்டு போனான். துடைத்து, சுத்தம் பண்ணி வைக்கிறானாம். நல்லது. அதில் என் காது அழுக்கு ஒரு யுகத்துக்கு இருக்கும்.

மறக்காமல்: மெழுகுவர்த்தி, சாமந்தி, அனிக்கு இருமல் மருந்து.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அப்பாவுக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி மழையில் நிற்கவே இல்லை. அனி குடையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு நேராக டி. நகர், ரி. கடையின் மாடி. ஃபோன் கவர் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேஜை, ஒரு விளக்கு. அதுதான் எங்கள் ஸ்டுடியோ.

என் கண்ணைத் துப்பட்டாவால் கட்டினான். இரண்டு இயர்போனிலும் காதுக்குள் போகும் ரப்பர் முனையை ஒரே மாதிரி, புத்தம் புதிதாக மாட்டி வைத்திருந்தான். "முனை மாறினா சத்தம் மாறும்னு நீதானடா எப்பவும் சொல்லுவ. நம்ம டெஸ்ட் நியாயமா இருக்கணும்ல?" எவ்வளவு நேர்மையாகச் செய்கிறான் என்று பெருமையாகக்கூட இருந்தது.

மாற்றி மாற்றிக் கொடுத்தான். ஒரு தடவைகூட நான் தவறவில்லை.

பழசு: மூட்டம். பாடுகிறவர் வாயில் கைக்குட்டை. தாளத்தின் சலங்கைச் சத்தம் தூரத்தில்.
புதுசு: எல்லாம் பக்கத்தில். பாடகர் மூச்சு இழுப்பதுகூட.

எனக்கே நம்ப முடியவில்லை. கேமராவைப் பார்த்து, "வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம். வி-2 வெச்சிருக்கவங்க மாத்திடுங்க" என்று சொன்னேன். ரி. ஓடி வந்து கட்டிப்பிடித்தான். கீழே இறங்கி பாயா, இடியாப்பம். அவன்தான் வாங்கிக் கொடுத்தான். சந்தோஷமான நாள்.

நவம்பர் 5, புதன்

பறக்கும் ரயில் தாமதம். பெருங்குடியில் இறங்கினால் குப்பைமேட்டு நாற்றம், மழைக்கு இன்னும் தூக்கலாக.

ஆபீசில் என் வேலையே காதால்தான். கஸ்டமர்களோடு எங்கள் கால் சென்டர் பிள்ளைகள் பேசியதை ஒலிப்பதிவில் கேட்டு மார்க் போடுவது. மூன்று வருடமாக இதே வி-2வில்தான் கேட்கிறேன். இன்று கேட்க முடியவில்லை. ஒரு அம்மா அழுகிறாளா, சளியா என்று தெரியவில்லை. இதையா இத்தனை நாள் நல்லா இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்?

எங்கள் இயர்போன் பைத்தியக் கூட்டத்தில் எல்லோரும் சொல்வதுதான்: ஒரு தடவை நல்லதைக் கேட்டுவிட்டால் பழசு காதுக்கு ஆகாது. சாயங்காலம் வேளச்சேரியில் இறங்கி, கடைக்கு இன்றுதான் வந்திருந்த வி-3 ஒன்று வாங்கினேன். ஆமாம், தெளிவு. பழசை மேஜை டிராயருக்குள் போட்டேன்.

அனி: "அதே சிவப்பு, அதே ஒயரு. வேற ஏதாவது வாங்கியிருக்கலாம்."

நவம்பர் 8, சனி

வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. கீழே கமெண்ட்: "ஜெரோம் அண்ணன் காது தங்கக் காது." அனியிடம் காட்டினேன். "தங்கக் காதுக்கு மூணு விசில் கேக்கலையா? சாம்பார் அடி பிடிச்சிருச்சு" என்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சி. ஸ்டெல்லா அக்கா கீபோர்டில் இரண்டு இடத்தில் தடுமாறினார். நான் பார்த்து அவர் தடுமாறியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். எங்கள் பங்கின் பாடகர் குழுவே அவர் கையில்தான் நிற்கிறது. ரெக்கார்டிங்கை இயர்போனில் கேட்டு ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார். அந்த இயர்போனும், வி-2, நான் கொடுத்ததுதான், அவர் பிறந்தநாளுக்கு.

முடிந்ததும் எல்லோரிடமும் சொன்னார். "இந்த கிறிஸ்துமஸுக்கு வேற யாராவது வாசிங்கப்பா. நான் ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கேட்டதற்கு, முதுகு வலி என்றார்.

முதுகு வலிக்கிறவர் அந்தக் கீபோர்டைத் தனியாகத் தூக்கி வைப்பாரா?

நவம்பர் 11, செவ்வாய்

கனமழை எச்சரிக்கை. வீட்டிலிருந்து வேலை. மத்தியானம் மழை விட்டதும் ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போனேன். சாந்தோமில், கடல் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருப் பிடித்த வீடு. காப்பி கொடுத்தார். முதலில் முதுகு வலி, பிறகு வயசு, பிறகு உண்மை.

"உன் வீடியோ பாத்துட்டு அந்தப் புதுசு வாங்கினேன் ஜெரோம். பழசையும் புதுசையும் மாத்தி மாத்திக் கேட்டேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. நீ வானம் பூமின்ற. கண்ணைக் கட்டிக்கிட்டே கண்டுபிடிக்கிற. எனக்கு ஒண்ணுமே கேக்கல."

"அதுக்காகவா அக்கா?"

"எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. மேல் சத்தம் முதல்ல போகும். கடைசில கூப்பிட்டா திரும்ப மாட்டாங்க. நான் தப்பா வாசிச்சு, பிள்ளைங்க என் முன்னாடி சிரிக்காம வெளிய போய் சிரிக்கறதுக்கு முன்னால நானே ஒதுங்கிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை தடுமாறியது பயத்தில். கேட்கிறதா கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே வாசித்தால் யாருக்குத்தான் கை ஓடும்?

அடையாறில் காது டாக்டரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறார். அவருடைய இரண்டு இயர்போனையும் கேட்டு வாங்கி வந்தேன். அவர் வாங்கியது போலியாக இருக்கும், அதைச் சொல்லிவிட்டால் ஆறுதல் அடைவார் என்று நினைத்தேன்.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை, வெயிலும் இல்லை. லீவு போட்டேன்.

அக்காவின் வி-3யும் என் வி-3யும் ஒன்று. போலி இல்லை.

அக்காவின் வி-2வும் வி-3யும்... ஒன்று. ஒரு துளி வித்தியாசம் இல்லை. அனியிடம் என் கண்ணைக் கட்டச் சொல்லிக் கேட்டேன். குருட்டடி அடிக்கிறேன். அனிக்குச் சிரிப்பு.

பிறகு டிராயரிலிருந்து என் வி-2. மூட்டம், கைக்குட்டை, எல்லாம் அப்படியே.

அக்காவின் வி-2 தெளிவு, என் வி-2 மூட்டம். ஒரே கடையில், ஒரே நாளில் நான் வாங்கிய இரண்டு.

ரப்பர் முனையைக் கழற்றினேன். ரி. ஷூட்டிங்குக்கு மாட்டியது, அதற்கப்புறம் நான் தொடவே இல்லை. அடியில் சத்தம் வெளியே வரும் வலைமேல் வெள்ளையாக ஒரு வட்டம். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைத்து ஒட்டுவார்களே, அந்தக் காகித டேப். பஞ்சிங் மெஷினில் வெட்டி, நடுவில் குண்டூசியால் ஒரே ஒரு குத்து. இரண்டு பக்கமும்.

வெட்டு யாருடையது என்று தெரியும். காதைக் கிழிக்கும் இயர்போனுக்கு வைத்தியம் என்று போன வருடம் நாங்களே ஒரு வீடியோ போட்டோம். வட்டம் வெட்டிக் குத்தியது அவன், கேட்டுச் சொன்னது நான்.

சாமணத்தால் உரித்தேன். மாட்டிக் கேட்டேன். என் பழைய வி-2 திரும்பி வந்துவிட்டது. ஆபீஸ் ஒலிப்பதிவையும் போட்டேன்: அந்த அம்மா அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"இப்ப யாரு செத்துட்டா?" என்று அனி கேட்டாள். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

எல்லா ரப்பர் முனையும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று சொன்னானே. நியாயமா இருக்கணும் என்றானே.

நவம்பர் 13, வியாழன்

டி. நகர். உஸ்மான் ரோட்டில் இன்னும் தீபாவளித் தள்ளுபடி பேனர். கடையில் கஸ்டமர் யாரும் இல்லை. இரண்டு டேப் வட்டங்களையும் கண்ணாடி மேஜைமேல் வைத்தேன். ரி. பார்த்தான். யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை.

"டீ சொல்லட்டா?"

"எதுக்குடா பண்ண?"

"நான் உன்னைப் பொய் சொல்ல சொன்னேனா மச்சி? ஒரு வார்த்த எழுதிக் கொடுத்தேனா? நீ இன்னா கேட்டியோ அத்தத்தான் சொன்ன. உன் காது கரெக்டாத்தான் சொல்லிச்சு."

டேப் வட்டங்களை அவன் பக்கம் தள்ளினேன்.

"என்கிட்டயே ஏன்டா? 'சும்மா வித்தியாசம் இருக்குன்னு சொல்லு'ன்னு கேட்டிருக்கலாமே."

"கேட்டா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

"அத்தான்."

சிரித்தான். பழைய சிரிப்பு, பரீட்சையில் என் பேப்பரைப் பார்த்து எழுதிவிட்டுச் சிரிப்பானே, அதே. அதுதான் தாங்கவில்லை. ஸ்டெல்லா அக்காவைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "அய்யோ, அக்காவா" என்றான். உடனே, "அக்காகிட்ட மட்டும் சொல்லிடு மச்சி. மத்த யாருக்கும் வேணாம். கம்பெனிக்காரன் அடுத்தது அனுப்பறேன்னு சொல்லிக்கினு கீறான்."

வீடியோவை எடுக்கச் சொன்னேன். பார்க்கலாம் என்றான். டீ வந்தது. குடிக்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது டீக்காக வருத்தப்பட்டேன், அதுவும் ஒரு கோபம்.

நவம்பர் 14, வெள்ளி

அக்கா டாக்டரிடம் போகுமுன் போய்ச் சேர்ந்தேன். பெரிதாக விளக்காமல், பழசு இரண்டையும் கையில் கொடுத்தேன். ஒன்று அவருடையது. மற்றது என்னுடையது, அதே மாதிரி டேப் வெட்டி மறுபடி ஒட்டி. அவருடைய கிறிஸ்துமஸ் ரெக்கார்டிங்கையே போட்டேன்.

முதலாவதைக் கேட்டார், தலையாட்டினார். இரண்டாவதை மாட்டிய உடனே பிடுங்கினார்.

"ச்சீ, இது என்ன, போர்வைக்குள்ள இருந்து பாடற மாதிரி?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னேன். டேப், ரியாஸ், வீடியோ எல்லாம். வி-2வும் வி-3யும் ஒன்றுதான், உங்கள் காது முதல் நாளே சரியாகச் சொல்லிவிட்டது என்று. அக்கா கையிலிருந்த இயர்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ரியாஸா? அவங்க வீட்டு பிரியாணி வருஷா வருஷம் எனக்குத் தனி டப்பால வரும்." இயர்போனை மேஜைமேல் வைத்தார். பிறகு: "அவன் கிடக்கட்டும். என் காதுல கேட்டதை விட்டுட்டு நீ சொன்னதை நம்பினேன் பாரு ஜெரோம். அழுதேன் தெரியுமா?"

நானும் அதையேதான் செய்தேன் அக்கா. மூன்று வருடம் என்னோடு இருந்ததை ஒரே நாளில் டிராயருக்குள் போட்டேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

டாக்டர் நேரத்தை ரத்து செய்யச் சொன்னேன். "எதுக்கு? போயிட்டு வரேன். எல்லாத்துக்கும் உன்கிட்ட கேக்கறதா?" என்று செருப்பை மாட்டினார். வாசல்வரை போய்த் திரும்பி, ஞாயிறு பயிற்சிக்கு ஆண்கள் சீக்கிரம் வரவேண்டும், போன வாரம் சுருதியே சேரவில்லை என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில்! எல்லாத் துணியும் காய்ந்தது.

வீடியோ அப்படியே இருக்கிறது. அதன் கீழே நேற்று என் பெயரிலேயே எழுதினேன்: "வி-2வும் வி-3யும் ஒண்ணுதான். யாரும் மாத்த வேணாம்." டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இல்லை. மறுபடி போடப் போனேன். முடியவில்லை. ரி. என்னை பிளாக் பண்ணியிருக்கிறான். என் முகம் இருக்கிற வீடியோவில் என்னை.

போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

இன்று காலை பூசைக்குக் கிளம்புமுன் அனியின் போனை வாங்கி, அவள் பெயரில் அதையே எழுதினேன். பயிற்சியில் அக்கா ஒரு இடமும் தடுமாறவில்லை, ஆண்களுக்குத்தான் நல்ல திட்டு. வந்து பார்த்தால் கமெண்ட் இன்னும் இருக்கிறது. கீழே யாரோ ஒரு பையன் பதில் போட்டிருக்கிறான். அதற்கு ஏகப்பட்ட லைக்.

"சிஸ்டர், உங்களுக்கு வித்தியாசம் தெரியலன்னா ஒரு நல்ல காது டாக்டரைப் பாருங்க. ஜெரோம் அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு."