மாசிலாமணியும் தியோடரும்

காக்ஸ் டவுன்,
பெங்களூரு.
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஹரிஷ்குமாருக்கு,

பெர்னதெத் ஆன்ட்டி எழுதிக்கொள்வது. நீ நன்றாக இருக்கிறாய் என்பதைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் உன் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். தாடி வைத்திருக்கிறாய். உனக்கும் தீபிகாவுக்கும் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாமே, சந்தோஷம். குழந்தைக்கு என் ஆசீர்வாதம். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இதற்குமேல் எழுதப்போவது எதுவும் உனக்கு இனிக்காது.

போன மாதம் நீ வாட்ஸப்பில் அனுப்பியது வந்து சேர்ந்தது. “ஆன்ட்டி, ‘தெற்கு லாக்கப்’ ரெண்டாவது சீசன் எழுதறேன். இந்த வாட்டி அந்த மனைவிதான் மெயின் கேரக்டர். ஒரு நாள் வந்து உங்ககூட உட்கார்ந்து பேசணும்” என்று எழுதியிருந்தாய். நான் படித்துவிட்டேன் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும். போனில் தட்டி அனுப்புகிற பதில் இல்லை இது. முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். பேனாவைக் கையில் எடுத்தால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

அந்த ஞாயிறு கட்டுரையில் மூன்று போலீஸ்காரர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எடை போட்டிருந்தார்கள். ‘உப்பாற்றங்கரை’யின் இன்ஸ்பெக்டர் மாசிலாமணி, ‘ஒன்பதாவது தூண்’ தொடரின் தேஷ்பாண்டே, அப்புறம் உன்னுடைய சப்-இன்ஸ்பெக்டர் ஸ்டீபன். மாசிலாமணி நல்லவன், ஆனால் நம்ப முடியாதவன். தேஷ்பாண்டே மிரட்டுகிறான், ஆனால் அலட்டல் அதிகம். ஸ்டீபன் ஒருவன்தான் நிஜம் என்று முடித்திருந்தார்கள். அந்தக் கடைசி வரியை நான் நாலைந்து தடவை படித்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். என் வீட்டு மாடியில் இரண்டு வருஷம் குடியிருந்தாய். திருப்பத்தூரிலிருந்து வந்த புதிதில், கம்பெனி வேலை பிடிக்கவில்லை, கதை எழுதணும் என்று புலம்பிக்கொண்டு இருப்பாய். சாயந்திரம் நான் ஜெபமாலை முடித்ததும் கீழே இறங்கி வருவாய். என் மகள் கேரல் வாங்கி மாட்டிய பெரிய டிவியில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். என் வீட்டுக்காரர் தியோடர் போன பிறகு அவருடைய நாற்காலியில் நான் உட்காரவைத்த முதல் ஆள் நீ.

எனக்கு மாசிலாமணியைப் பிடிக்கும். கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரிந்தவன். எதிரில் இருக்கிறவன் தானாகப் பேசுகிறவரை ஜன்னல் வழியாக உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பான். நீ சிரிப்பாய். “இவன் போலீஸே இல்ல ஆன்ட்டி, பாதிரியார். பிடிச்சிட்டு வர்றவனுக்கெல்லாம் டீ வாங்கித் தர்றான்” என்பாய். உனக்குத் தேஷ்பாண்டேதான். ஒருவனை அடித்து நொறுக்கிவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவானே, அந்தக் காட்சியை நீ மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தாய். அடித்தவன் அழுதால் நாம் ஏன் உருகணும், அடி வாங்கினவன் எங்கே போனான், அவனைக் காட்டவே இல்லையே என்று நான் கேட்டேன். நீ அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாய். படிக்கிற பிள்ளை, நம் பேச்சையும் மதித்து எழுதிக்கொள்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையில்தான் சொன்னேன், “எங்க வீட்டுக்காரரும் மாசிலாமணி மாதிரிதான்பா. முப்பது வருஷ சர்வீஸ்ல ஒருத்தர் மேலயும் கை வெச்சதில்ல” என்று. நீ டிவியை நிறுத்திவிட்டு, “உங்களுக்கு எப்படி ஆன்ட்டி தெரியும்?” என்று கேட்டாய். கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா என்றேன்.

அவர் எவ்வளவு இளகிய மனசுக்காரர் என்று உனக்குக் காட்டத்தான் அந்தக் கதையைச் சொன்னேன். தொண்ணூற்றெட்டில் ஒரு நாள் அவர் பகல் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தார். வந்ததும் யூனிபார்ம் சட்டையைக் கழற்றிக் கொல்லைக் குழாயடியில் தானே துவைத்தார். என்னைத் தொட விடவில்லை. ரத்த வாந்தி எடுத்த ஒருவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதாகச் சொன்னார். கையில் நம் வீட்டுடையது இல்லாத ஒரு டிபன் டப்பா. உள்ளே எலுமிச்சை சாதம், யாரும் கை வைக்காதது. ஸ்டேஷனில் மாறிவிட்டது என்றார். அப்புறம் ஒரு வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முகம் தெரியாத ஒருவனுக்காக இப்படி வாடிப்போனாரே என்று உன்னிடம் சொல்லும்போது என் கண் கலங்கியது. டப்பாவைப் பார்க்கணும் என்றாய். பரணிலிருந்து எடுத்துக் காட்டினேன். மூடியில் ‘ர. அம்புஜம்’ என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். பழைய பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பது அழகாக இருக்கிறது என்று சொல்லிப் போனில் படம் எடுத்துக்கொண்டாய்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் கழித்துத்தான் வீட்டைக் காலி செய்தாய். சென்னையில் வேலை கிடைத்துவிட்டது என்றாய். அந்த இரண்டு மாதத்தில் என்ன செய்தாய் என்பதைக் கட்டுரையில் நீயே சொல்லியிருக்கிறாய். பழைய வழக்கு ஒன்றைத் தேடிப் போனாயாம். இறந்தவனின் அம்மா உயிரோடு இருந்தார்களாம். மூன்று நாள் அவர்களோடு பேசினாயாம். அந்த மூன்று நாளும் ஊருக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய், ஹரிஷ். திரும்பி வந்த அன்றைக்கு நான் உனக்கு மீன் குழம்பு வைத்திருந்தேன். நீ இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். எல்லாம் தெரிந்துகொண்டு, தியோடரின் நாற்காலியில் உட்கார்ந்து, என் கையால் சாப்பிட்டாய். நீ எழுதினதைக்கூட நான் ஒரு நாள் மன்னித்துவிடுவேன். அந்தச் சாப்பாட்டைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

உன் தொடர் வந்த அன்று கேரலையும் மருமகன் நீலையும் கூப்பிட்டிருந்தேன். கட்லெட் செய்திருந்தேன். நம் மாடி வீட்டுப் பையன் எழுதினது என்று பக்கத்து வீட்டு லவினாவையும் கூப்பிட்டிருந்தேன். நான்காவது பகுதியில் அந்தம்மா டிபன் டப்பாவோடு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார்கள். ஸ்டீபன் அதை வாங்கி, “நான் குடுத்துடறேன், நீங்க போங்கம்மா” என்கிறான். உள்ளே அவர்களுடைய மகன் செத்துக் கிடக்கிறான். லவினா தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கேரல் எழுந்து டிவியை அணைத்தாள்.

மீதியை நான் தனியாகப் பார்த்தேன். கடைசிப் பகுதியில் அந்த மனைவி சட்டையைத் துவைக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஞானப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கசக்குகிறாள். தெரிந்துதான் துவைக்கிறாள் என்று புரிவதற்காக அவள் முகத்தைக் கிட்டத்தில் காட்டினார்கள். அவரைப் பற்றி நீ எழுதினதைவிட அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. அவர் என்னைச் சட்டையைத் தொடவே விடவில்லை என்று உன்னிடம் எத்தனை தெளிவாகச் சொன்னேன்!

கேரல் கொதித்துப்போனாள். “மம்மி, இதைச் சும்மா விடக்கூடாது. டாடி பேரைக் கெடுத்துட்டான்” என்றாள். நீல் தெரிந்த வக்கீலிடம் சொல்லி ஒரு நோட்டீஸ் எழுதி வாங்கினார். எல்லாம் கட்டுக்கதை, என் கணவர் பணிக்காலத்தில் அப்படி எதுவும் நடந்ததில்லை என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போடணும். போடத்தான் இருந்தேன். அதற்கு முன்னால் அவரோடு வேலை பார்த்த ஒருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டால் பலமாக இருக்கும் என்று நானாகவே நினைத்துக் கில்பர்ட்டைப் பார்க்கப் போனேன்.

கில்பர்ட் அந்த நாளில் அவரிடம் கான்ஸ்டபிளாக இருந்தவன். இப்போது ரிட்டையராகி பொம்மனஹள்ளியில் மகன் வீட்டில் இருக்கிறான். இரண்டு பஸ் மாறி, ஓசூர் ரோட்டு நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போனேன். மருமகள் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். விஷயத்தைச் சொன்னேன்.

“அக்கா, அது சீரியல். பொழுதுபோகாம எழுதறானுங்க. சாரைப் பத்தி எனக்குத் தெரியாதா? எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்” என்றான். எனக்கு உயிர் வந்தது. அவன் நோட்டீஸை வாங்கிப் படித்தான். படித்து மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டான். காபி ஆறிப்போயிற்று. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“ஆனா அக்கா, அந்த டப்பாவை சார் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? அது எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாதே.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். வாயை விட்டுவிட்டோம் என்று அவனுக்கும் புரிந்தது. அவனாகவே சொன்னான். “செயின் கேஸ்லே பிடிச்சோம் அக்கா. சந்தானம்னு பேரு. லாரி ஷெட்டுல வேலை பார்த்தவன். அவன் எடுக்கலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மாரடைப்புன்னு எழுதிட்டாங்க. சார் அவ்ளோ அடிப்பாருன்னு நானே நினைக்கலை. அன்னைக்கு மேலேருந்து ரொம்ப பிரஷர்.” நோட்டீஸை என் மடியில் வைத்தான். “கேரல் பாப்பாகிட்ட சொல்லாதீங்க” என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. ஏனென்று கேட்காதே.

ஹரிஷ், நான் உன்மேல் கோபத்தோடுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். கோபம் போகவில்லை. ஆனால் நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இருபத்தேழு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை. சட்டையை நான் துவைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அன்று பகல் அவர் வலது கை விரல் முட்டிகளெல்லாம் தோலுரிந்து வீங்கியிருந்தன. ஒருவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் கை அப்படி ஆகாது. அது எனக்குத் தெரியும். வெந்நீரில் துடைத்து, மஞ்சளும் எண்ணெயும் குழைத்து வைத்து, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் கேட்பேன் என்று காத்திருந்தாரோ என்னமோ. சாப்பிட வாங்க என்று மட்டும் சொன்னேன்.

அன்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அந்த நிமிஷத்தில் அவருக்கும் நான் துணை நிற்கவில்லை, அந்த அம்மாவுக்கும் நிற்கவில்லை. அப்புறம் பதினெட்டு வருஷம் அவரோடு வாழ்ந்தேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, தொடரில் வந்த ஒரு நல்ல போலீஸ்காரனின் முகத்தை எடுத்து அவருக்கு ஒட்டிவைத்து, அதையே நம்பினேன். மாசிலாமணி வந்த முதல் நாளே எனக்கு ஏன் அவ்வளவு பிடித்துப்போயிற்று என்று இப்போது புரிகிறது. நான் சொல்லாததை நீ எப்படியோ கண்டுபிடித்து எழுதிவிட்டாய். அதற்காக உன்னைப் பாராட்ட எனக்கு மனசு வரவில்லை.

நோட்டீஸில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஏனென்று கேரல் கேட்கிறாள். உடம்பு சரியில்லை என்று தள்ளிக்கொண்டு வருகிறேன். ஒரு வாரமாக அவள் போன் செய்யவில்லை. அப்பா பெயரைக் காப்பாற்ற அம்மாவுக்கு அக்கறை இல்லை என்று லவினாவிடம் சொன்னாளாம். அவளிடம் நான்தான் சொல்லணும், சொல்லவும் போகிறேன். அதற்குமுன் அவள் கோபத்தில் உனக்கு ஏதாவது எழுதினால் தயவுசெய்து பதில் எழுதாதே. உன் பத்திரிகைப் பேட்டியில் அவள் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

இரண்டாவது சீசனுக்கு வா என்றும் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் நீ எனக்கு ஒரு காரியம் செய்யவேண்டும். டப்பாவில் பெயர் வெட்டியிருந்த அம்புஜம், நீ போய்ப் பார்த்த அந்த அம்மா, எங்கே இருக்கிறார்கள்? அவர்களுக்கு இப்போது என்ன வயது, கண் தெரிகிறதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள்? எனக்கு ஒரு தடவை அவர்கள் முன்னால் போய் நிற்கணும். போய் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

முகவரியை உடனே அனுப்பிவிடாதே. நீயே நேரில் போய் அவர்களிடம் கேள். இன்னாருடைய மனைவி வந்து பார்க்கணும் என்கிறாள் என்று, எதையும் மறைக்காமல், அவர் பெயரையும் சொல்லிக் கேள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதை அப்படியே எனக்கு எழுது, நான் போகமாட்டேன். எங்களை எல்லாம் கேட்காமல்தான் இத்தனையும் எழுதினாய். கர்த்தர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், தம்பி. இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு எழுது.

இன்னமும் உனக்குக் கெடுதல் நினைக்க முடியாத,
பெர்னதெத் ஆன்ட்டி