பூஞ்சை இல்லை என்று நான் கொடுத்த ரிப்போர்ட்

மார்ச் 3
காலையில் கையெழுத்துப் போட்ட பதினோரு ரிப்போர்ட்டில் ஒன்று, ரத்தப் புற்றுநோய் வார்டில் இருக்கும் வாத்தியாருடையது. ஒன்பது நாளாகக் காய்ச்சல். பூஞ்சைத் தொற்றுக்கான ரத்தப் பரிசோதனை: நெகட்டிவ்.

மதியம் அவர் மனைவி ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். “பூஞ்சை இல்லைன்னு வந்துடுச்சாமேக்கா! அந்த மருந்தையும் நிறுத்திட்டாங்க.” என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எந்த மருந்து? பூஞ்சைக்கு ஏற்கெனவே மருந்து ஏறிக்கொண்டிருந்ததா?

மார்ச் 4
வார்டில் விசாரித்தேன்; பூஞ்சை மருந்துதான். அந்த மருந்து உடம்பில் இருந்தால், நோய் இருந்தாலும் சோதனை ‘இல்லை’ என்று காட்டக்கூடும். சோதனைக் கிட்டோடு வரும் தாளிலேயே போட்டிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனேன். தாளைத் தொடக்கூட இல்லை மனுஷன். டீயை உறிஞ்சிக்கொண்டே, “நெகட்டிவ்னா நெகட்டிவ்தானேம்மா. நம்பர் கொடுக்கறது உங்க வேலை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

சுற்றி நின்ற ஜூனியர்கள் இளித்தார்கள். தாளை மடித்துக்கொண்டு திரும்பினேன்.

மார்ச் 5
அவரைத் திட்டுகிறேனே, நான் மட்டும் என்ன யோக்கியம்? படிவத்தில் ‘தற்போதைய மருந்துகள்’ கட்டம் காலியாக இருந்ததே — போன் போட்டுக் கேட்டேனா? ஆறு வருஷமா இப்படி எத்தனை காலிக் கட்டத்தைத் தள்ளிவிட்டிருக்கேன். சீ.

மார்ச் 6
வாத்தியாருக்கு இருமலில் ரத்தம்.

டியூட்டி டாக்டர் சின்னப் பெண். வார்டு வாசலில் பிடித்தேன். “நெஞ்சு ஸ்கேன் எழுதிடுங்க டாக்டர். ரிப்போர்ட்டை நம்பாதீங்க. போட்டவளே சொல்றேன்.”

“பெரியவர் கேட்டா?”

“என்னைக் கை காட்டுங்க.”

எழுதிவிட்டாள்.

மார்ச் 7
வலது நுரையீரலில் எலுமிச்சை அளவு கட்டி. மருந்து மறுபடி ஏறுகிறது. நாலு நாள் வீண்.

மார்ச் 9
நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் அதே சோதனையைச் செய்தேன். மருந்தையும் மீறி, பாசிட்டிவ்.

மார்ச் 28
பிழைத்துவிட்டார். நுரையீரலில் ஒரு பகுதி போய்விட்டது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்குகிறதாம்; இனி எப்படி வகுப்பெடுப்பார்?

“பெரிய டாக்டர் தெய்வம்க்கா. சரியான நேரத்துல கண்டுபிடிச்சுட்டார்” என்றாள் மனைவி.

தலையாட்டினேன்.

ஏப்ரல் 4
மருத்துவமனைக் கூட்டம். மேடையில் பெரிய டாக்டர் அந்த ஸ்கேனைப் போட்டுக் காட்டினார். “ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட்டை மட்டும் நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. எனக்கு அப்பவே சந்தேகம்...”

டியூட்டி டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். பிறகு ஆய்வகத்துக்கு வந்து, சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன்.