சாப்பாட்டு மேசையின் டெசிபல்

ஜனவரி 9

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எல்லாத் தரப்பு வாதங்களையும் (எல்லாம் என்னுடையவை) பொறுமையாகக் கேட்டறிந்து, சாப்பாட்டு மேசையில் என் நாற்காலியை மாமனாருக்கு எதிரிலிருந்து மறுகோடிக்கு மாற்றுவதென்று இன்று முடிவெடுத்தேன். முடிவு உடனே அமலுக்கு வந்தது. காரணம் கேட்ட மனைவியிடம், விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்றேன்.

கண்ணுக்கு ஒன்றுமில்லை. காதுதான். அவர் வெள்ளரிக்காய் தின்கிறார். முதலில் 'கறுக்'. பிறகு எல்லாம் கூழாகும் சத்தம். கடைசியில் நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரியும் ஒரு 'ச்சப்'. அந்தச் 'ச்சப்'பில் குமட்டி, தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறேன். இவர் முப்பது வருடம் 'சத்தம் போடாதே' என்று சொல்லிச் சம்பளம் வாங்கிய தலைமையாசிரியர்.

ஜனவரி 10

கல்லூரியிலிருந்து ஒலிமானியைக் கொண்டுவந்து, மடியில் துண்டுக்கடியில் வைத்து அளந்தேன். பழைய இடத்தில் ஐம்பத்திரண்டு டெசிபல். புதிய இடத்தில் நாற்பத்தொன்பது. தூரம் இரட்டித்தால் ஆறு குறையும் என்று செவியியல் மாணவர்களுக்கு வருடா வருடம் சொல்கிறேன். அது திறந்தவெளிக் கணக்கு. இங்கே நான்கு சுவர்களும் மாமனார் கட்சி. வந்ததை அப்படியே திருப்பி அனுப்புகின்றன.

குமட்டல் இம்மியும் குறையவில்லை.

ஜனவரி 11

இன்று சூப். எழுதும்படி இல்லை.

ஜனவரி 14

வீட்டோடு மாப்பிள்ளைக்குக் காது இருக்கலாம், வாய் கூடாது. தெரிந்தும் திறந்தேன். அவர் மெல்லும் சத்தம் தாங்கவில்லை, தனி வீடு பார்க்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"எங்கப்பா பல்செட் போட்டிருக்கார். கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும். அவர் வீட்டுல உக்காந்துக்கிட்டு அவர் வாயையே அளக்குறீங்களா?"

ஒலிமானியைப் பார்த்துவிட்டாளோ என்று பயந்தேன். பேச்சுக்குத்தான் சொல்லியிருக்கிறாள்.

"தனி வீடு வேணும்னா நீங்க போங்க. நானும் அப்பாவும் இங்கேயே இருக்கோம்."

ஜனவரி 20

தண்ணீர் ஜாடிக்குப் பின்னால் கைபேசியை வைத்து அவர் சாப்பிடுவதைப் பதிவு செய்தேன். பாடத்துக்காக. வேறு எதற்கு?

ஜனவரி 23

பதிவின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து வகுப்பில் போட்டேன். பாதிப் பேரிடம் 'ஒருவர் சேற்றில் நடக்கிறார்' என்றேன். மறுபாதியிடம் 'ஒருவர் சாப்பிடுகிறார்' என்றேன். அருவருப்புக்குப் பத்துக்கு எவ்வளவு என்று எழுதச் சொன்னேன். சேறென்று நம்பியவர்கள் சராசரியாக இரண்டு போட்டார்கள். மற்றவர்கள் எட்டு. அதே அலை, அதே அழுத்தம். காதுக்கு வருவது காற்றின் அசைவு மட்டுமே, அருவருப்பு நம் சொந்தத் தயாரிப்பு என்று பாடத்தை முடித்தேன். நன்றாகத்தான் சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி: "அப்ப அந்தாள் கூடத் தினமும் சாப்பிடுறவங்க, சேறுன்னு நினைச்சுக்கிட்டாப் போதுமே சார்?"

வீட்டில் முயன்று பார்த்தேன். சேறு, சேறு, சேறு. அந்தச் சேற்றுக்குப் பல் இருந்தது.

பிப்ரவரி 2

துறைத்தலைவிக்கு ஏக மகிழ்ச்சி. "காது படத்தை எவன் சார் நின்னு பாக்குறான்? இதை வைங்க, கூட்டம் அள்ளும்." பொதுமக்களுக்கான கண்காட்சியில் என் சோதனையும் உண்டு. ஏற்பாடு செய்யும் மாணவியிடம் முழுப் பதிவையும் கொடுத்தேன். கடைசியில் பேச்சு வருகிறது, அதை வெட்டிவிடு என்று சொல்ல நினைத்தேன். சொன்னேனா?

பிப்ரவரி 12

சொல்லவில்லை.

கண்காட்சி அழைப்பிதழ் ஒன்று வீட்டுக்குப் போயிருக்கிறது. மாமனார் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்து வந்துவிட்டார். நான் கூடத்துக்குள் நுழைந்தபோது ஹெட்ஃபோன் அவர் தலையில் இருந்தது. கையிலிருந்த அட்டையில் 'ஒருவர் சாப்பிடுகிறார்'.

"ச்சீ! எந்த ஜென்மம்மா இது? வீட்டுல யாரும் சொல்லித் தரலையா? இவன்கூட உக்காந்து சாப்பிடுறவங்க பாவம்!" என்று ஹெட்ஃபோன் போட்டவர்களுக்கே உரிய உரத்த குரலில் சொல்லி, சீட்டில் பத்து என்று எழுதினார்.

அவருக்குத் தெரிய நியாயமில்லை. தான் மெல்வதை எழுபத்துமூன்று வருடமாகத் தாடையெலும்பு வழியாகத்தான் கேட்டிருக்கிறார். காற்று வழியாகக் கேட்பது இதுவே முதல்முறை.

மாணவி சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே ஹெட்ஃபோனைக் கழற்றப் போனார். கை பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

மாணவியிடம் கேட்டார்: "ஏம்மா, எழுதினதைத் திருத்தலாமா?"

"கூடாது சார். முடிவு மாறிடும்."

"சரிதான். திருத்தக் கூடாது."

சீட்டை நான்காக மடித்துப் பெட்டியில் போட்டார். போகிற போக்கில் என்னிடம், "நல்லா விளக்கமா வச்சிருக்கீங்க, மாப்பிள்ளை."

அவர் போனபின் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன். 'ச்சப்'புக்குப் பிறகு மகளிடம் சொல்கிறார்: "அந்தக் கடைசித் துண்டை மாப்பிள்ளைக்கு வையும்மா. கொஞ்ச நாளா ஆள் சரியாவே சாப்பிடுறதில்ல."

பிப்ரவரி 13

மாமனார் தட்டைத் தன் அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிப்ரவரி 15

மனைவிக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள், அவ்வளவுதான். 'ச்சீ' என்கிற அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாக மேசையின் மறுகோடியிலிருந்து அவள் அப்பாவை நான் பார்த்த பார்வைதான்.

கதவைத் தட்டினேன். "மாமா, வெளிய வந்து சாப்பிடுங்க."

"இருக்கட்டும் மாப்பிள்ளை. நீங்க நிம்மதியா சாப்பிடுங்க."

குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். குத்தலே இல்லை. என்ன செய்ய?

மார்ச் 1

மகள் அழுததில் மாமனார் மேசைக்குத் திரும்பிவிட்டார். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டார். ரொட்டி, வெள்ளரிக்காய், எல்லாமே மிக்சியில் அரைபட்டு வருகிறது. கரண்டியால் உதட்டில் படாமல் எடுத்து விழுங்குகிறார். அவர் சாப்பிடும்போது அளந்தேன். முப்பத்துமூன்று டெசிபல். அது மின்விசிறி.