அவசரப் பிரிவில் நாற்காலி போட்டவர்

ரேவன் ஹாலோ, கென்டக்கி
செப்டம்பர் 9

அன்புள்ள டாக்டரம்மா,

எழுபத்தொரு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. நூலக வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். இந்தப் பக்கத்தை எழுத மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் கொண்டாட்டம்தான். நம் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு டாக்டர் இல்லாமல் பூட்டியே கிடக்கிறது. குடும்ப டாக்டரான நீங்கள் அந்த ஓராண்டு அவசர சிகிச்சைப் பயிற்சியை முடித்து வந்தால் திறப்பார்களாம். பயிற்சி முடியும் ஜூலைக்குக் காத்திருக்கிறோம். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஆர்வில் ஸ்டில்ட்னர்

அக்டோபர் 2

அன்புள்ள ஆர்வில் ஐயா,

உங்கள் கடிதம் வந்த நாள் நல்ல நாள். மற்ற நாட்கள் அப்படியில்லை. நெஞ்சுவலியோடு வந்தவரிடம் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். பயிற்சித் தலைவர் எல்லார் முன்னாலும், “இதென்ன உங்க ஊர் கிளினிக்கா? மாடு கன்னு போட்டுச்சான்னும் கேளுங்களேன்!” என்றார். சிரித்தார்கள். குடும்ப டாக்டர்களுக்கு இந்த வேலை வராது என்கிறார். விலகல் கடிதம் எழுதிவிட்டேன். மாதக் கடைசியில் கொடுப்பேன். மன்னியுங்கள்.

கொரி ராட்லிஃப்

அக்டோபர் 12

டாக்டரம்மா,

கொடுக்காதீர்கள். கோபத்தில் இரண்டு முறை பென்சில் முனை உடைந்துவிட்டது.

போன குளிர்காலம் நெஞ்சு அடைத்தபோது உங்கள் கிளினிக்கிலிருந்து எழுந்து புறப்பட்டேனே, வேறு டாக்டராயிருந்தால் ‘வைத்தியம் வேண்டாம்’ என்ற காகிதத்தில் ஒரு குறி போடச் சொல்லி அனுப்பியிருப்பார். நீங்கள், “அப்படி என்ன தலைபோற வேலை?” என்றீர்கள். “மூணு மாடு மடி கனத்து நிக்குதும்மா.” உடனே பக்கத்துப் பண்ணை டெல்மருக்குப் போன் செய்து பால் கறக்கச் சொன்னீர்கள். நான் படுத்தேன். அதனால் உயிரோடு எழுதுகிறேன்.

உங்கள் பயிற்சித் தலைவரிடமிருந்து எத்தனை பேர் வைத்தியம் வேண்டாமென்று எழுந்து போனார்கள்? ஒருவரிடமாவது ஏனென்று கேட்டாரா? அவர் படிக்கட்டும் என்றுதான் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். காட்டுங்கள்.

ஆர்வில்

அக்டோபர் 30

அன்புள்ள ஆர்வில் ஐயா,

காட்டினேன். தலைவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நேற்று பக்கவாதத்தோடு வந்த ஒருவர், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போடுமுன் சட்டையைத் தேடினார். “நான் போகணும், விடுங்க!” எல்லாரும் ‘வைத்தியம் வேண்டாம்’ படிவத்தை எடுக்க ஓடினார்கள். தலைவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஏனென்று கேட்டேன்.

“கார்ல எம் பொண்டாட்டி இருக்கா. ஞாபக மறதி. எறங்கி எங்கயாச்சும் நடந்துருவா.”

நர்ஸ் அந்த அம்மாளை அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்தார். கணவர் படுத்தார். ஊசி நேரத்துக்குள் ஏறியது. இன்று கையை அசைக்கிறார்.

விலகல் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். தலைவர் என் மதிப்பீட்டுத் தாளில், ‘நோயாளிகளிடம் அதிகம் பேசுகிறார்’ என்று எழுதியிருந்தார். அதன் கீழே, ‘ஆம். இனியும் பேசுவேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

கொரி