கேட்காமல் கழற்றிய தையல் சட்டம்

அன்பு வாண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, அங்கே உனக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. உடம்பைப் பற்றித்தான் சொன்னேன். மனசைக் கேட்டால், வயிறு எரிகிறது, எரிய வைத்தவன் நீ. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். போனில் நான் குரலை உயர்த்தினால் நீ "சரிம்மா சரிம்மா" என்று சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்கு அந்த வசதி இல்லை, அதனால் உட்கார்ந்து கடைசி வரை படி.

முதலில் வீட்டுச் செய்திகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போய்விடும். சித்திக்குப் பித்தப்பை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். எழுந்து நடக்கிறாள், சித்தப்பாவைத் திட்டுகிறாள், அதிலிருந்தே குணமாகிவிட்டாள் என்று தெரிந்துகொள். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் முதலாளி வாசலுக்குப் புதிதாகக் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார், துடைத்துத் துடைத்து அது இருப்பதே தெரியவில்லை. பார்வை சரியில்லாதவர்கள் வரும் கடைக்குக் கண்ணுக்கே தெரியாத கதவு போடுகிற புத்தி அவருக்குத்தான் வரும். போன வாரம் ஒரு பெரியவர் நெற்றியில் முட்டிக்கொண்டு உள்ளே வந்து, "கண்ணாடி மாத்தணும்னு இப்பத்தான்மா நிச்சயமாச்சு" என்றார். சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சித்திக்குத் துணையாக இருந்துவிட்டு வீடு திரும்பினால், ஹாலில் ஜன்னலோரம் காலியாக இருக்கிறது. என் தையல் சட்டம் இல்லை, அதன் ஸ்டாண்ட் இல்லை, துணி இல்லை. ஸ்டாண்டின் கால்கள் நின்ற இடம் மட்டும் தரையில் வெளுப்பாகத் தெரிகிறது. பக்கத்தில் உன் அப்பா, பரிசு வாங்கப்போகிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். "இப்ப பாரு ஹாலை, நாலு பேர் காலை நீட்டிப் படுக்கலாம்" என்கிறார். இந்த வீட்டில் நாலு பேர் எங்கே இருக்கிறார்கள், இருக்கிற இரண்டு பேரும் ஏன் ஹாலில் படுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, என் சட்டம் எங்கே என்றுதான் கேட்டேன். சட்டமும் ஸ்டாண்டும் பரணில் ஏறிவிட்டன, துணி இதோ என்று அலமாரிக்கு மேல் ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டினார். கிடங்கில் இத்தனை வருஷம் பொட்டலம் கட்டுகிறவர்களை மேய்த்த மனுஷர் இல்லையா, கட்டுவதில் குறை சொல்ல முடியாது. எல்லா மூலையிலும் நாடா ஒட்டி, மேலே அம்புக்குறி போட்டு, "இந்தப் பக்கம் மேலே, கவனம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். கவனமாம்!

பெட்டிக்குள் என்ன நடந்திருக்கிறது என்று உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு பேருக்குமே நீங்கள் செய்தது என்னவென்று தெரியாது. அந்தப் படகுத்துறைப் படம் நான் இரண்டு வருஷமாகக் கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகக் கிராஸ் ஸ்டிச் போட்டுக்கொண்டிருப்பது, நான் இரண்டு கையையும் விரித்தாலும் ஓரத்தைத் தொட முடியாத அகலம். விடியற்காலைத் தண்ணீர், பனி, படகு, எல்லாமே சாம்பல் நிறத்தில் ஒன்றுக்கொன்று ஒரு மூச்சு வித்தியாசம். அதனால் ஒவ்வொரு நிற நூலையும் தனித்தனி ஊசியில் கோத்து, அந்த நிறம் அடுத்து எந்தக் கட்டத்தில் வரவேண்டுமோ அந்தக் கட்டத்திலேயே ஊசியைக் குத்தி நிறுத்தி வைத்திருப்பேன். மறுநாள் வந்து உட்கார்ந்தால் துணியே எனக்கு வழி சொல்லும். உன் அப்பா அத்தனை ஊசியையும் உருவி, யார் காலிலாவது குத்திவிடும் என்று ஒரு பஞ்சுத் துண்டில் வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அணிவகுத்த மாதிரி. அதோடு நின்றாரா? தொங்கிய நூல்களையெல்லாம் பிசிறு என்று நினைத்துக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டியிருக்கிறார். "எவ்வளவு பிசிறு தெரியுமா, ஒவ்வொண்ணா பார்த்து நறுக்கினேன்" என்று அதையும் பெருமையாகச் சொன்னார். வெட்டின இடத்திலெல்லாம் முடிச்சுப் போடாத தையல் தானாக அவிழ்ந்து வருகிறது. பிறகு துணியைப் போர்வை மாதிரி மடித்து, மடிப்பு நிற்க வேண்டும் என்று மேலே பழைய மிக்ஸியை வைத்திருக்கிறார். படகின் பாய்மரத்துக்கு நடுவே ஒரு மடிப்பு, தண்ணீருக்குக் குறுக்கே ஒரு மடிப்பு.

உன் அத்தை வந்து பார்த்தாள். அண்ணனுக்கு ஒன்று என்றால் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடுமே. "துணியைப் பிடிச்சு வைக்க எதுக்கு அண்ணி இம்மாம் பெரிய சாமான், கைல ஒரு வளையத்தை வெச்சுக்கிட்டு மூலையில உக்காந்து தைக்க வேண்டியதுதானே, நான் ஒருதடவை வந்தப்ப அதை நீங்க வாங்கின புதுக் கட்டில்னு நினைச்சேன்" என்கிறாள். நான் சொன்னேன், "உங்க அண்ணன் டிவி சுவத்துல பாதியை அடைச்சுக்கிட்டு நிக்குதே, அதுல ஒரு தையலாவது விழுந்திருக்கா?" அவள் டீயைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள்.

ஆனால் ஒன்று, அவள் கேட்ட கேள்வியை நீயும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பாய், அதனால் பதில் சொல்லிவிடுகிறேன். பெரிய துணி தன் பாரத்தில் தானே தொங்கும், தொங்கினால் நெசவு கோணும், கோணினால் சதுரமாக இருக்க வேண்டிய தையல் சாய்சதுரமாகிவிடும். அதற்காகத்தான் துணியின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் இரண்டு உருளைக் கட்டைகளில் தைத்து, வேண்டிய அளவு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி சுருட்டி, பக்கவாட்டில் கயிற்றுக் கட்டிலுக்குக் கட்டுவது போல நூலால் இழுத்துக் கட்டுகிறோம். சுண்டினால் தப்பட்டை மாதிரிச் சத்தம் வர வேண்டும். சட்டத்தை ஸ்டாண்ட் தாங்கிக்கொள்வதால் எனக்கு இரண்டு கையும் மிச்சம், ஒரு கை மேலே, ஒரு கை கீழே, மேல் கை ஊசியை இறக்கினால் கீழ் கை வாங்கி அனுப்பும். சட்டம் என் முகத்தைப் பார்த்துச் சாய்வாக நிற்கும், நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். வளையம் என்றால் இடது கை நாள் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், துணி மடியில் கிடக்கும், கழுத்து துணியைத் தேடிக் கீழே போகும்.

இப்போது உன்னிடம் வருகிறேன். உன் அப்பா முதலில் எல்லாம் தன் யோசனைதான் என்று சாதித்தார். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும் என்பது உனக்கும் தெரியும், தக்காளி மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் உன் பார்சல் வந்தது. திறந்தால் மூங்கில் வளையம், அதோடு ஒரு குட்டி விளக்கு, உன் கையெழுத்தில் "இனிமேல் கழுத்துக்கு இதமா இருக்கும்மா" என்று ஒரு துண்டுச் சீட்டு. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. "வாண்டுதான் சொன்னான், அம்மாவுக்குக் கழுத்து வலியாம், அந்தச் சாமானைக் கழட்டிப் பரண்ல ஏத்திடுங்கப்பா, இருந்தா நாள் முழுக்கத் தைச்சுக்கிட்டேதான் இருப்பாங்க, நான் சின்னதா ஒரு வளையம் அனுப்புறேன்னு சொன்னான்" என்று உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

கழுத்து வலி என்று நான் உன்னிடம் எப்போது சொன்னேன், யோசித்துப் பார். சித்தி ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொன்னேன். அங்கே முதுகைச் சாய்க்க முடியாத ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் என்ன தைத்துக்கொண்டிருந்தேன்? பொழுது போகட்டும் என்று எடுத்துப்போன ஒரு சின்னத் துணி, அதுவும் சித்தியிடம் இருந்த வளையத்தில். வீட்டில் சட்டத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒருநாளாவது கழுத்து என்று நான் சொன்னதுண்டா? எது வலியைத் தந்ததோ அதையே மருந்து என்று விளக்கோடு அனுப்பியிருக்கிறாய், எது வலி வராமல் காத்ததோ அதைக் கழற்றிப் பரணில் ஏற்றச் சொல்லியிருக்கிறாய். பல் வலிக்கிறது என்றவனுக்கு நல்ல பல்லைப் பிடுங்கின கதை. "எப்போதிருந்து வலிக்கிறது, என்ன செய்துகொண்டிருந்தாய்" என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கடையில் என் முன்னால் வந்து உட்காருகிற முன்பின் தெரியாத மனிதரிடம் கூட, இந்த வில்லை தெளிவா, அந்த வில்லை தெளிவா, எழுத்து இரண்டாகத் தெரிகிறதா என்று சலிக்காமல் கேட்டுவிட்டுத்தான் கண்ணாடி எழுதுகிறேன். அவர் கண்ணுக்கு உள்ளே என்ன தெரிகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? உனக்கு மட்டும் அத்தனை தூரத்திலிருந்து என் கழுத்து தெரிந்துவிட்டது. எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. என்னைப் பற்றி என் தலைக்கு மேலே நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்கிற வயசு இன்னும் வரவில்லை, வந்தாலும் அப்படிச் செய்யக் கூடாது. அக்கறையில்தான் செய்தாய், தெரியும். அதனால்தான் கூடுதலாக எரிகிறது, அக்கறை என்று சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேசுகிறவள் கெட்டவள் ஆகிவிடுகிறாள்.

துணி என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஈரத் துண்டால் ஒற்றி ஒற்றி மடிப்பை எடுத்தேன், தண்ணீருக்குக் குறுக்கே இருந்தது போய்விட்டது, பாய்மரத்தில் கொஞ்சம் தழும்பு நிற்கிறது. அவிழ்ந்த தையல்களைப் பிரித்து மறுபடி போட்டேன். மறுபடி உருளையில் ஏற்றத்தான் ஒரு ஆள் போதவில்லை, இரண்டு முனையையும் ஒரே இறுக்கத்தில் யாராவது பிடித்தால்தான் கோணாமல் சுருளும். உன் அப்பாவோடு பேசாமல் இருந்தேன், ஆனால் வேறு யாரைக் கூப்பிடுவது, அத்தையையா? கடைசியில் "வந்து பிடிங்க" என்றேன், அவர் ஓடி வந்தார். நான் இழுத்தால் அவர் விடுகிறார், நான் விட்டால் அவர் இழுக்கிறார், "என்னங்க, கயிறு இழுக்கிற போட்டியா இது" என்றால் "நீதானே டைட்டா பிடிக்கச் சொன்னே" என்கிறார். இப்படி அரை நாள். துணியின் இழையைப் பார்த்து நேராக வைக்கப் பழகின பிறகு தலையை நிமிர்த்தாமலே, "இதுக்குள்ள இவ்வளவு வேலையா, நான் வெறும் பூ வேலைன்னு நினைச்சேன்" என்றார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷர், அவருக்கு இதுதான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். முழுசாக இல்லை, பாதி.

ஏற்றி முடித்ததும் எங்கே நிறுத்துவது என்று வந்தது. ஹாலில் வைத்தால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதைக் கழற்ற உரிமை கொண்டாடுவார்கள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அதனால் உன் அறைக்குக் கொண்டுபோகத் தீர்மானித்தேன். கிழக்கு ஜன்னல், காலை வெளிச்சம், சாத்திக்கொள்ள ஒரு கதவு. நீ வருஷத்துக்கு ஒரு தடவை வந்து தூங்குகிற கட்டில் அந்த ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. அதைக் கழற்ற வேண்டும், ஸ்பேனரைக் கொண்டுவாருங்கள் என்றேன். உன் அப்பா ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கிறார். என்ன என்றேன். "இல்ல, அவன் கட்டிலாச்சே, அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கழட்டலாமே" என்றார்.

வாண்டு, இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவரிடம் நான் இத்தனை கோபப்பட்டதில்லை. ஆள் படுக்காத ஒரு கட்டிலுக்காக அவர் வாயில் தானாக வந்த அந்த ஒரு வார்த்தை, என் இரண்டு வருஷத் துணியில் கத்தரிக்கோலை வைத்தபோது எங்கே போயிருந்தது? அதையேதான் கேட்டேன், கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டேன். அவர் குனிந்து முதல் திருகைக் கழற்றத் தொடங்கினார், நான் கட்டிலின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகவே உனக்குத் தெரிவிப்பது என்னவென்றால், உன் கட்டில் கழற்றப்பட்டுப் பரணில் இருக்கிறது. உன்னைக் கேட்கவில்லை. படிக்கும்போது உனக்குச் சுருக்கென்று இருந்தால், அது எங்கே குத்துகிறது என்று நன்றாகப் பார்த்து வைத்துக்கொள், எனக்கும் அதே இடத்தில்தான் குத்தியது. இனி என் உடம்பைப் பற்றியோ பொருளைப் பற்றியோ சந்தேகம் வந்தால் என்னைக் கேள், அப்பாவை அல்ல. உன்னுடையதைத் தொடுவதற்கு முன் நானும் உன்னைக் கேட்பேன், கேட்காமல் தொட்டது இதுவே கடைசி.

வேளைக்குச் சாப்பிடு, கண் பரிசோதனைக்குப் போ, போன தடவை வீடியோவில் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாய். நீண்ட ஆயுளும் நல்ல வேலையும் நல்ல தூக்கமும் உனக்கு வாய்க்கட்டும். வருகிற தேதியை முன்கூட்டியே சொல், ஹாலில் மெத்தை விரித்து வைக்கிறேன், அங்கே இப்போது நாலு பேர் காலை நீட்டிப் படுக்கலாமாம்.

இப்படிக்கு,
கழுத்துக்கு ஒன்றுமில்லாத, கோபம் மட்டும் உள்ள
உன் அம்மா